அடங்காப் பிள்ளைகள்

உபாத்தியாயர்கள் கூடி உட்காரும் அறையில் வழங்கும் பட்டங்களைத் தொகுத்தால் ஒரு சிறு நிகண்டே செய்துவிடலாம். போக்கிரி, முரடன், சண்டி, வானரம், அடங்காப்பிடாரி, உருப்படாதது என்பவை அந்த நிகண்டின் முதல் ஏட்டில் வரும். ஜூன் மாதம் பள்ளி திறந்து மூன்று வாரம் ஆவதற்குள் வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது இவற்றுள் ஒன்றைப் பெற்றுவிடுகிறது. சர்வகலாசாலைப் பட்டத்துக்கு மூன்று வருஷம் படிக்க வேண்டும்; இந்தப் பட்டத்துக்கு மூன்று வாரம் போதும். ஒரு தடவை பெற்ற பிறகு அதைத் தொலைப்பதுதான் கஷ்டம். பென்சில் கீழே விழுந்தால் அவன்தான் போட்டான். அடுத்த பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அவன்தான் சிரித்தான்.

சென்ற மாதம் தாயார் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய புதல்வனுக்கு வயது எட்டு; மூன்றாம் வகுப்பு. இதற்குள் மூன்று பள்ளிக்கூடங்களைப் பார்த்தாகிவிட்டது. நாற்காலியை உதைக்கிறான்; பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான்; 'உட்கார்' என்றால் நிற்கிறான், 'நில்' என்றால் ஓடுகிறான். மூன்றாவது பள்ளியிலும் இப்போது சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்களாம். 'இரண்டு போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் கணவர். 'யாரோ கண் போட்டுவிட்டார்கள், மந்திரித்துக் கயிறு கட்டு' என்கிறார் மாமியார். 'செல்போனைப் பிடுங்கு' என்கிறார் எதிர் வீட்டுக்காரர். மூவர் சொன்னதையும் செய்து பார்த்தாயிற்று. 'என் பிள்ளை பிறவியிலேயே கெட்டவனா, அல்லது நான் வளர்த்த வளர்ப்புக் கெட்டதா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்' என்று அந்த அம்மையார் கேட்கிறார்.

இரண்டில் ஒன்றைச் சொல்ல நாம் மறுக்கிறோம். அவர் கேளாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. பிள்ளையின் நடத்தை பல சமயங்களில் காய்ச்சலைப் போன்றது. மலேரியாவிலும் உடம்பு கொதிக்கிறது, டைபாய்டிலும் கொதிக்கிறது, காலில் முள் தைத்துச் சீழ் வைத்தாலும் கொதிக்கிறது. வைத்தியர் கொதிப்பைக் கோபித்துக்கொள்வதில்லை. எதனால் என்று தேடுகிறார். முரண்டு, கோபம், ஓட்டம், அடிதடி இவற்றுக்குப் பின்னாலும் அப்படித் தேடவேண்டிய காரணங்கள் இருக்கக்கூடும். எல்லாச் சேஷ்டைகளும் வியாதி என்று நாம் சொல்லவில்லை. மாங்காய் அடிக்கிற பையனுக்கு வேண்டியது மாங்காய், டாக்டர் அல்ல. ஆனால் மாதக்கணக்கில், வீட்டிலும் பள்ளியிலும், எந்தப் புத்திமதிக்கும் மசியாமல் தொடரும் சேஷ்டை வேறு ஜாதியைச் சேர்ந்தது.

இந்த உண்மையை வைத்திய உலகம் ஒரே நாளில் கண்டுகொண்டுவிடவில்லை. 1902-ம் வருஷம் லண்டன் ராஜாங்க வைத்தியர் சபையில் ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் மூன்று பிரசங்கங்கள் செய்தார். புத்தியில் குறைவில்லாத, நல்ல முறையில் வளர்க்கப்பட்ட சில பிள்ளைகள், ஆசைப்பட்டதை அந்த க்ஷணமே அடையவேண்டும் என்று பாய்வதையும், தண்டித்தால் சில மணி நேரத்துக்குள் அதே குற்றத்தைத் திரும்பச் செய்வதையும் அவர் எடுத்துச் சொன்னார். ஆண் பிள்ளைகளே அதிகம் என்றும் கூறினார். 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் ஊனம்' என்று அவர் அதற்கு இட்ட பெயர் இன்று நமக்குச் சற்றுக் கடுமையாகவே படுகிறது. என்றாலும், இது தேகத்தைச் சார்ந்த காரணத்தால் வரக்கூடும், பெற்றோரின் குற்றமாகவே இருக்கவேண்டியதில்லை என்று அக்காலத்தில் எழுந்து நின்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

பிறகு ஒரு மகா விபத்து நேர்ந்து, சந்தேகப்பட்டவர்களின் வாயை அடைத்தது. முதல் உலக யுத்தத்தின் போதும் அதற்குப் பின்னும் மூளை வீக்கத்தை உண்டாக்கும் ஒருவகை உறக்க நோய் பல தேசங்களில் பரவிற்று. 1917-ல் வியன்னாவில் வான் எக்கனாமோ என்ற டாக்டர் அதை விவரித்தார். மாண்டவர் போகப் பிழைத்த குழந்தைகள் பலர் முன்பிருந்த குழந்தைகளாகத் திரும்பி வரவில்லை. சாதுவாக இருந்த பெண் கடித்தாள். ஒழுங்காகப் படித்த பையன் திருடினான், இரவெல்லாம் உறங்காமல் திரிந்தான். வளர்ப்பும் அதே, பெற்றோரும் அவர்களே, பள்ளியும் அதுவே. மாறியது மூளை ஒன்றுதான். நடத்தைக்கும் மூளைக்கும் உள்ள உறவை இதைவிடக் கொடுமையாக ஒருவர் நிரூபித்துக் காட்ட முடியாது.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாகாணத்தில் ஒரு செல்வர் தம்பதி இருந்தனர். அவர்களுடைய ஒரே மகள் எம்மா சிறு வயதில் மூளை வீக்கம் கண்டு, ஆயுள் முழுதும் ஊனமுற்றவளானாள். அப்படிப்பட்ட குழந்தைகளை வைத்துப் பராமரிக்க எங்கும் இடமில்லை என்பதைக் கண்ட பெற்றோர் தங்கள் சொத்தை எழுதிவைக்க, 1931-ல் அவள் பேரால் ஒரு குழந்தைகள் மனநல ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1937-ல் அங்கே நடந்த சம்பவத்தை ஒவ்வொரு உபாத்தியாயரும் தெரிந்துகொள்ள வேண்டும். சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர் குழந்தைகளின் மூளையைப் படம் பிடிக்க முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பது வழக்கம்; அதனால் பிள்ளைகளுக்குத் தலைவலி வந்தது. அந்தத் தலைவலிக்கு உதவுமோ என்று பென்ஸெட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் பள்ளியின் ஆசிரியைமார்கள் வேறொன்றைக் கண்டார்கள். அதுவரை நாற்காலியில் தங்காத பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டனர்! முப்பது பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பதினான்கு பேரிடம் பாடத்தில் வியக்கத்தக்க மாறுதல் ஏற்பட்டது. பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுறுசுறுப்பைத் தூண்டும் மருந்து துறுதுறுத்த பிள்ளையை அடக்குவானேன் என்பது அப்போது எவருக்கும் விளங்காத புதிர்.

இன்று அந்தப் புதிர் பெரும்பாலும் அவிழ்ந்திருக்கிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதிதான் 'பொறு, இப்போது வேண்டாம், முதலில் இதை முடி' என்று சொல்லும் மேற்பார்வையாளர். அங்கே செய்தி கொண்டு செல்லும் டோபமைன் முதலிய ரசாயனங்கள் சரியாக வேலை செய்யாவிட்டால் மேற்பார்வையாளர் தூங்கிவிடுகிறார். காரியாலயம் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. ஊக்க மருந்து பிள்ளையைத் தூங்க வைப்பதில்லை. மேற்பார்வையாளரைத் தட்டி எழுப்புகிறது. ஸ்டில் கண்ட பிள்ளைகளில் பலர் இந்தக் கோளாறு உள்ளவர்களே என்று பிற்காலத்தவர் கருதுகின்றனர். இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர். உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில் நூறு பிள்ளைகளில் சுமார் ஐந்து பேருக்கு இது உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர்! இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள், இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று காட்டுகின்றன. 'இரண்டு போட்டால் சரியாகும்' என்று சொல்லும் தகப்பனாரை, 'ஐயா, தாங்கள் சிறு வயதில் எப்படி?' என்று நாம் விசாரிப்பதுண்டு. பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள்.

'இரண்டு மணி நேரம் செல்போனில் அசையாமல் விளையாடுகிறானே, அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விளையாட்டு, க்ஷணத்துக்கு ஒரு பரிசைக் கொடுத்துக் கவனத்தை வெளியிலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. பெருக்கல் வாய்ப்பாடு அப்படி இழுப்பதில்லை. அங்கே பிள்ளை தன் கவனத்தைத் தானே பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பிடிதான் இவனிடம் தளர்ந்திருக்கிறது. பெண் குழந்தைகளிடம் இந்தக் கோளாறு பெரும்பாலும் ஓட்டமும் ஆட்டமும் இன்றி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதாக வரும். யாருக்கும் தொந்தரவில்லை ஆகையால் யாரும் கவனிப்பதில்லை. 'மந்தம்' என்று எழுதிவிட்டு மேலே போகிறோம்.

கோபத்தின் வேஷத்தில் வரும் பயத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் வகுப்பறையில் இதைத்தான் மிகவும் தவறாகப் படிக்கிறார்கள். பயந்த பிராணி ஓடும்; ஓட வழியில்லாவிடில் பாயும். மனிதக் குட்டியும் அப்படியே. மூளையின் அடியிலுள்ள அபாய மணி அடித்தவுடன் அட்ரினலின் பாய்கிறது, இருதயம் அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, யோசிக்கும் பகுதி பின்வாங்குகிறது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்று வலி வரும் பிள்ளை பொய் சொல்லுகிறான் என்பர். அந்த வலி வாஸ்தவமான வலி. பயத்தால் குடல் முறுக்கிக்கொள்கிறது. வீட்டில் கலகலவென்று பேசிவிட்டுப் பள்ளியில் மாதக்கணக்காக ஒரு வார்த்தையும் பேசாத பெண்ணைத் 'திமிர் பிடித்தவள்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பதற்றக் கோளாறுகளுள் அதற்குத் தனிப் பெயரே உண்டு. அந்தப் பெண் பேச மறுக்கவில்லை. தொண்டை அவளுக்கு ஒத்துழைக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாரத்துக்கு இரண்டு சண்டை. தலைமை ஆசிரியர் அறை வாசலில் அவன் நின்று நின்று அந்தத் தூணுக்கே அவனைத் தெரியும். நமது சக உபாத்தியாயினி ஒருவர் ஒரு காரியம் செய்தார். சண்டை நடந்த தேதி, மணி, பாடம், அதற்குச் சற்று முன் நடந்தது என்ன என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். ஒரு மாதத்தில் பதினொரு சண்டை. அதில் ஒன்பது தமிழ்ப் பாட வேளையில். அதுவும் வரிசையாக ஒவ்வொருவரும் எழுந்து உரக்க வாசிக்கும் நாட்களில். அவனுடைய முறை வருவதற்கு இரண்டு மூன்று பேர் இருக்கும்போது! பக்கத்திலிருப்பவனைக் குத்துவான், வெளியே அனுப்பப்படுவான், வாசிக்கவேண்டிய அவசியம் தீர்ந்தது. நாற்பது பேர் எதிரே எழுத்துக் கூட்டித் தடுமாறி 'மக்கு' என்று பெயர் வாங்குவதைவிடப் 'போக்கிரி' என்று பெயர் வாங்குவது அவனுக்கு மேலாகப் பட்டது. பரீக்ஷித்துப் பார்த்ததில் டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருப்பது தெரிந்தது. புத்தியில் குறைவில்லை, கணக்கில் வகுப்பில் நான்காவதாக வந்தவன். உரக்க வாசிக்கும் முறையிலிருந்து அவனை விலக்கி, தனியே உட்கார்த்தி எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கற்பித்தார்கள். அந்த வருஷ முடிவுக்குள் சண்டைகள் முற்றிலும் நின்றுவிட்டன என்று சொன்னால் அது கதையாகிவிடும். மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. தூண் தனித்து நின்றது.

மனச்சோர்வு பெரியவர்களைத்தான் பற்றும், குழந்தைகளுக்கு வராது என்று வைத்தியர்களே வெகு காலம் நம்பி வந்தார்கள். இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது. பெரியவர் சோர்ந்தால் அழுவார், மூலையில் முடங்குவார். பிள்ளை சோர்ந்தால் பல சமயம் எரிந்து விழுகிறது. விளையாட்டில் மனமின்மை, தூக்கம் கெடுதல், சாப்பாட்டில் மாறுதல், 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு இவற்றோடு சிடுசிடுப்பும் சேர்ந்து வந்தால் அலட்சியம் செய்யக்கூடாது. சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையின் பேச்சை வேடிக்கை என்று எண்ணாமல் அன்றைக்கே கவனிக்க வேண்டும். நமது தேசத்தில் 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதாவது ஒரு மனக் கோளாறு இருப்பதாகக் கண்டது. வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி, 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்பதும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு.

பெரிய அதிர்ச்சியைக் கண்ட பிள்ளைகளைப் பற்றித் தமிழ்நாட்டாருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கிய பிறகு நாகப்பட்டினம் கரையில் அலைச் சத்தம் கேட்டாலே அலறிய குழந்தைகளைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் கடல் பொங்கினால்தான் அதிர்ச்சி என்பதில்லை. இரவுதோறும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் அப்பாவும் ஒரு பிரளயந்தான். அந்த வீட்டுப் பிள்ளை, பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் திரும்பி அறைகிறான். அவன் உடம்பு இருபத்து நாலு மணி நேரமும் காவல் இருக்கிறது. ஜான் பௌல்பி என்ற ஆங்கில டாக்டர் 1944-ல், தம்மிடம் சிகிச்சைக்கு வந்த நாற்பத்து நான்கு இளந் திருடர்களைப் பற்றி எழுதினார். அவர்களுள் பதினேழு பேர் ஐந்து வயதுக்குள் நெடுங்காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். திருடாத அதே எண்ணிக்கையுள்ள மற்றப் பிள்ளைகளில் அப்படி இருவரே இருந்தனர். அவர் முடிவுகளை எல்லாரும் அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் திருடிய பையனிடம் 'எதைத் திருடினாய்?' என்பதோடு 'எதை இழந்தாய்?' என்றும் கேட்கவேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின் வலுப்பெற்றது.

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் ஆத்திரம் இன்னொரு விதம். நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் பள்ளி மணி அதற்குக் காதருகே வெடிக்கும் அதிர்வேட்டு. உட்காரும் இடத்தை மாற்றினாலும், பாட வேளை முன்பின்னானாலும், உலகமே தலைகீழானது போல் இருக்கும். ஆசிரியர் ஆண்டு விழா ஒத்திகைக்கென்று பாட அட்டவணையைக் கலைக்கும் வாரத்தில்தான் இந்தப் பிள்ளைகள் 'திடீரென்று' முரண்டு பிடிக்கிறார்கள்.

மனோவியாதியைத் தேடுமுன் காதையும் கண்ணையும் பார்த்துவிடுவது நல்லது. சொன்ன சொல் கேளாத பிள்ளைக்குச் சில சமயம் வாஸ்தவமாகவே சொன்ன சொல் கேட்பதில்லை. சளி அடைத்த காது போதும். மூக்கின் பின்னால் சதை வளர்ந்து இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் பேயாட்டம் ஆடும். சில விநாடி கண் நிலைகுத்தி நின்று, பிறகு ஒன்றும் நடவாதது போல் விழிக்கும் பிள்ளை கனவு காண்கிறது என்று எண்ணுகிறோம். அது காக்காய் வலிப்பின் ஒரு சிறு வகையாக இருக்கக்கூடும். இரத்தசோகையும் கவனத்தைக் கெடுக்கும்.

வீட்டில் நடக்கும் ஒரு விஷ வட்டத்தையும் சொல்லிவிடவேண்டும். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் ஜெரால்டு பாட்டர்ஸன் என்ற மனோதத்துவ நிபுணர், 1960-க்குப் பின் பல வருஷங்கள், அடங்காத பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆட்களை உட்கார வைத்து நடப்பதையெல்லாம் குறிக்கச் செய்தார். அவர் கண்டது இது: தாய் ஒன்று சொல்கிறாள், பிள்ளை கத்துகிறது, தாய் குரலை உயர்த்துகிறாள், பிள்ளை தரையில் விழுந்து புரளுகிறது, தாய் அலுத்துப்போய், 'எப்படியோ தொலை' என்று விட்டுவிடுகிறாள். அலறல் நிற்கிறது. அந்த நிமிஷத்தில் இருவருமே ஒரு பாடம் படிக்கிறார்கள். புரண்டால் ஜயம் என்று பிள்ளை படிக்கிறது. விட்டுக்கொடுத்தால் அமைதி என்று தாய் படிக்கிறாள். இன்னொரு நாள் தாய் விட்டுக்கொடாமல் அறைகிறாள்; பிள்ளை அடங்குகிறது. அறைந்தால் அமைதி என்ற பாடம் அன்றைக்கு. மறுநாள் இன்னும் உரக்கக் கத்தினால்தான் பலிக்கும், இன்னும் ஓங்கி அறைந்தால்தான் பலிக்கும். நம் ஊர்ப் பஸ் நிலையத்தில் பொம்மைக் கடைக்கு முன்னால் கால்மணி நேரம் நின்றால் பாட்டர்ஸன் புத்தகம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

இதற்கு அவரும் அவர் வழி வந்தவர்களும் கண்ட மருந்து, பெற்றோருக்குப் பயிற்சி. நல்ல நடத்தையைக் கண்ட உடனே வாய் விட்டுச் சொல்லிப் பாராட்டுவது. உத்தரவுகளைக் குறைத்து, ஒன்றைச் சொன்னால் ஒன்றில் நிற்பது. சில்லறைச் சேஷ்டையைக் காணாதது போல் இருப்பது. மீறியதற்கு முன்பே சொல்லிவைத்த சிறு இழப்பை, கோபமில்லாமல் நடத்துவது. படிக்கும்போது இது பாட்டி வைத்தியம் போலத் தோன்றும். கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பள்ளி வேனுக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் தாய்மார்களுக்குத் தெரியும். ஆகையால்தான் பயிற்சி என்கிறார்கள். உபதேசம் என்று சொல்லவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் ஒருதலைப் பட்சமாகப் பேசியவர்களாவோம். பெயர் சூட்டுவதில் வைத்தியர்களும் உபாத்தியாயர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர். அமெரிக்காவில் 1994-95க்கும் 2002-03க்கும் இடையே, இளம் பிராயத்தினருக்கு இருமுனைக் கோளாறு என்று வைத்தியர்கள் குறித்த சந்தர்ப்பங்கள் ஏறக்குறைய நாற்பது மடங்கு பெருகிவிட்டன! வியாதி அவ்வளவு வேகமாகப் பரவுமா? பெயர்தான் பரவிற்று. ஓயாத எரிச்சலும் அடிக்கடி வெடிக்கும் கோபமும் கொண்ட பிள்ளைகளை அந்தப் பெயரில் அடைத்து, கடுமையான மருந்துகளையும் கொடுத்து வந்தார்கள். 2013-ல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் தன் கையேட்டைத் திருத்தியபோது, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வேறொரு தலைப்பை ஏற்படுத்தவேண்டியதாயிற்று.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்த ஒரு கணக்கு நமக்கு இன்னும் பொருத்தமானது. அங்கே பள்ளியில் சேர்க்கும் வருஷம் டிசம்பரோடு முடிகிறது. ஆகவே டிசம்பரில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே மிகச் சிறியது; ஜனவரியில் பிறந்தது மூத்தது. டிசம்பர்ப் பையன்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயரிடப்படுவது ஜனவரிப் பையன்களைவிட நூற்றுக்கு முப்பது பங்கு அதிகமாக இருந்தது என்று 2012-ல் வெளியிட்டார்கள். பதினொரு மாதம் இளைய குழந்தை பதினொரு மாதம் இளைய குழந்தையைப் போல் நடந்துகொண்டது; அதற்கு ஒரு வியாதியின் பெயர் கிடைத்தது. சீக்கிரம் சேர்த்தால் சீக்கிரம் உத்தியோகத்துக்கு வருவான் என்று அவசரப்படும் நம்மவர்கள் இதைக் கேட்டுக்கொள்வார்களாக. மூன்றாம் வகுப்பில் உட்கார முடியாத பிள்ளையின் வயதை முதலில் பாருங்கள்.

ஆகவே நல்ல டாக்டர் ஒரே நாளில் பெயர் சொல்லிவிடமாட்டார். வீட்டிலும் பள்ளியிலும், இரண்டிடத்திலும் இருக்கிறதா, எவ்வளவு காலமாக இருக்கிறது, வேறு காரணம் உண்டா என்று விசாரிப்பார். ஆசிரியர் எழுதிய குறிப்பைக் கேட்பார். மருந்து தேவையானால் தருவார். 1999-ல் அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி. உள்ள 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, அலைச்சலையும் கவனக் குறைவையும் குறைப்பதில் பயிற்சியை மட்டும் கையாள்வதைவிட மேலாக இருந்தது. இரண்டையும் சேர்த்தபோது வீட்டிலுள்ள சச்சரவு முதலிய மற்றக் காரியங்களும் சீர்ப்பட்டன. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது இந்த வித்தியாசங்கள் மங்கிவிட்டிருந்தன. மருந்து மூக்குக் கண்ணாடி போன்றது. போட்டிருக்கும்போது உதவும், கண்ணைப் புதிதாகச் செய்து தராது. பசி குறைதல், தூக்கம் தள்ளிப்போதல் போன்ற தொல்லைகளும் அதற்கு உண்டு. எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாத்திரையைக் கடன் வாங்குவது கூடவே கூடாது.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வருவோம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமுலில் இருக்கிறது. அதற்கு உட்பட்ட எந்தப் பள்ளியும், ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எட்டாம் வகுப்பு முடியும் வரை வெளியேற்றக் கூடாது. 2019-ல் செய்த திருத்தம் வகுப்பில் நிறுத்திவைக்க இடம் கொடுத்ததே தவிர, வெளியேற்ற இடம் கொடுக்கவில்லை. அதே சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதையும், மனத்தைப் புண்படுத்தித் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 'நீங்களாகவே வாங்கிக்கொண்டு போனால் கௌரவம்' என்று தந்திரமாகச் சொல்லும் பள்ளிகள் உண்டு. அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும், வாசிப்பு எழுத்துக் குறைபாடுகளையும், மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனியாக இடம் பெறவில்லை. இது ஒரு குறையே என்பது நமது அபிப்பிராயம்.

நமது தேசத்தில் குழந்தை மனநல ஆலோசனை நிலையம் புதிய சரக்கல்ல. பம்பாயில் டாடா சமூக சேவைப் பள்ளி, பிராட்லி கணக்கு மாத்திரையைக் கண்ட அதே 1937-ல் ஒன்றைத் தொடங்கிற்று. இன்று சர்க்கார் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநல வைத்தியப் பிரிவு இருக்கிறது; மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்து இலவசமாகக் கேட்கலாம். மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் ஏற்படுத்தியது. மந்திரித்த கயிறு கையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதை அவிழ்த்தால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று மாமியாரோடு சண்டை பிடிக்கவேண்டியதில்லை. போகுமுன் இரண்டு வாரம், நமது உபாத்தியாயினி செய்தது போல, எந்த நேரம், எந்த இடம், அதற்கு முன் என்ன, அதற்குப் பின் என்ன என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் கட்டாயம் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஏனென்றால் புது இடத்தில், டாக்டருக்கு முன்னால், அரைமணி நேரம் உங்கள் பிள்ளை பரம சாதுவாக உட்கார்ந்திருப்பான்.